கட்டின கையை அழிக்காதீர்கள்

பழைய ரேடியோ சேகரிக்கும் நண்பர்களுக்கு,

பிப்ரவரி 13, உலக வானொலி நாளுக்கு வழக்கம்போல மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அவரவர் செட்டுகளை வரிசையாக வைத்திருந்தோம். முன்வரிசையில் மர்பி, புஷ், பிலிப்ஸ், எச்எம்வி. எல்லாம் பாலிஷ் போட்டு, பித்தளை வளையம் தேய்த்து, மேஜிக் ஐ பச்சையாகக் கண் சிமிட்ட, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தன. தண்ணீர் பாட்டில் எடுக்கக் குனிந்தபோதுதான் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். உள்ளே நான்கு லோக்கல் செட். பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் ‘ஸ்பேர்’ என்று எழுதியிருந்தது.

யார் எழுதியது என்று நான் விசாரிக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்றால் நானே எழுதியிருப்பேன்.

நமக்குள் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பெனி ரேடியோ வாங்கக் கையில் காசில்லாதவர்களும், காசிருந்தும் கை சும்மா இராதவர்களும், கேங், காயில், ஐஎஃப்டி, ஸ்பீக்கர், பிசிபி என்று உதிரியாகவோ மொத்தக் கிட்டாகவோ வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்து ஈயம் வைத்துக் கட்டியதுதான் லோக்கல் செட். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவுக்குப் போவார்கள். 1985-இல் எரிந்துபோகும் வரை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களைக் கிளறுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பணம் கட்டிப் பெறும் வி.பி.பி. தபால், இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் ஒரே ரேடியோ ரிப்பேர் கடைக்காரரின் தயவு.

இதைக் குறைவாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். சென்னையில் ஒலிபரப்பு என்பதே கையால் கட்டியதில்தான் தொடங்கியது. 1924-இல் மதறாஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கிய சி.வி.கிருஷ்ணசாமி செட்டி, இங்கிலாந்திலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டிய சின்ன டிரான்ஸ்மிட்டர் அது. கிளப் 1927-இல் பணமில்லாமல் படுத்துவிட்டது. 1930-இல் மாநகராட்சி ஏற்று நடத்தியது. சென்னைக்கு அகில இந்திய வானொலி வந்தது 1938-இல். ஆக ‘அசெம்பிள்டு’ என்று உதட்டைப் பிதுக்கும்போது யாரைப் பார்த்துப் பிதுக்குகிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

2011-இல் கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் 180 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். பேக்கிங் பெட்டிப் பலகையை இழைத்து, மேலே சன்மைக்கா ஒட்டின பெட்டி. உள்ளே எட்டு டிரான்சிஸ்டர், மீடியம் வேவ் மட்டும். டயல் என்று கம்பெனிக் கண்ணாடி எதுவும் கிடையாது. ஒரு துண்டு கிராஃப் தாள், அதில் சிவப்பு ரீஃபிலால் கோடுகள், கோடுகளுக்கு மேல் எண்கள். நடுவுக்குச் சற்று வலப்பக்கம் ‘7.15’ என்று எழுதியிருந்தது. ஓடவைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் திருச்சி வருகிறது. திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். அதை 715 என்று எழுதியிருக்கிறாரே, சென்னைகூட 720 ஆயிற்றே, ஆளுக்குக் கணக்கும் வரவில்லை, தசமப்புள்ளி எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அழகாக ஒரு டயல் வரைந்து, 540-இலிருந்து 1600 வரை சரியாகப் பிரித்து, அச்செடுத்து ஒட்டினேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். போகிற போக்கில் ‘அசிங்கமாக’ இருந்த ஈயத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன். டயல் நூலை மாற்றினேன். செட் பிரமாதமாகப் பாடியது.

ஆறு மாதம் கழித்து அதே கடைக்காரர், அந்தச் செட் வந்த வீட்டில் இன்னும் சாமான் இருக்கிறது என்று விலாசம் சொன்னார். செட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் சரிசெய்ததைக் காட்ட வேண்டாமா? கட்டியவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி இருந்தார். செட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகினார். ஊசி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏழேகால எங்க வெச்சீங்க தம்பி?”

அந்த அம்மாவுக்கு எழுத்து படிக்க வராது. கடிகாரம் பார்க்கத் தெரியும். சுவர்க்கடிகாரத்தில் ஏழேகால் ஆனால், டயலில் ஏழேகால் போட்ட இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோனால், டெல்லிச் செய்தி தமிழில் வரும். அதற்காக அவர் கணவர் எழுதிக்கொடுத்த டயல் அது. இன்னொரு கோட்டின் மேல் ‘4.00’ என்றும் இருந்தது. அது இலங்கையாக இருந்திருக்கலாம். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, காபி கொடுத்தார். அதைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கம்பெனி ரேடியோவை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்? அந்த மாடலின் மற்ற செட்டுகளைப் போலவே இருக்கிறதா என்று. குமிழ் ஒரிஜினலா, பின்பலகை ஒரிஜினலா, துணி ஒரிஜினலா. அது சரிதான், தொழிற்சாலைச் சரக்குக்கு அதுதான் அளவுகோல். கையால் கட்டிய செட்டுக்கு அதே கோலை வைத்தால் அத்தனையும் ஃபெயில். இங்கே பார்க்க வேண்டியது, ஒரே சர்க்யூட்டிலிருந்து இரண்டு பேர் எங்கே பிரிந்தார்கள் என்பதை.

என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. ஒரே அச்சு பிசிபி. மூலையில் இருக்கும் பொறிப்பு வரை ஒன்று. முதலாவதைத் திறந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ரெசிஸ்டர்கள் எல்லாம் தங்கக்கோடு ஒரே பக்கம் பார்க்கப் படுத்திருக்கின்றன. கம்பிகளுக்குப் பச்சை ஸ்லீவ். ஒவ்வொரு ஈயப்புள்ளியும் மிளகு அளவு, மினுமினுப்பு. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியைப் பின்னல் மாதிரி முறுக்கி, நூலால் மூன்று இடத்தில் கட்டியிருக்கிறார். இரண்டாவது, பார்த்தால் முள்ளம்பன்றி. ஒவ்வொரு பாகமும் பலகையிலிருந்து ஒரு அங்குலம் உயரத்தில் நீளக்காலில் நிற்கிறது. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசும் என்று தோன்றும். நான் வெகுநாள் இரண்டாவதைச் சோம்பேறி கட்டியது என்றே நினைத்திருந்தேன். காலை ஏன் வெட்டவில்லை என்று ஒருநாள் எதேச்சையாக யோசித்தபோதுதான் விளங்கியது. வெட்டினால் அந்த டிரான்சிஸ்டரை அடுத்த செட்டில் வைக்க முடியாது. ஒரே எட்டு டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு அவர் கட்டிக் கட்டிப் பிரித்துப் பழகியிருக்கிறார். கால்களில் மூன்று நான்கு தடவை ஈயம் ஏறி இறங்கிய தடம் லென்ஸில் தெரிகிறது. முதல் ஆள் ஒரு ரேடியோவைக் கட்டினார். இரண்டாம் ஆள் ரேடியோ கட்டவே கற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கால்களை நான் ‘சுத்தமாக’ வெட்டியிருந்தால் இந்தக் கதை குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்.

வெளியீட்டுப் பகுதியிலும் ஒரு வித்தியாசம். பலகையில் அச்சடித்திருப்பது ஏசி187, ஏசி188 ஜோடிக்கு. அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். முள்ளம்பன்றிக்காரர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பெட்டியின் தரையில் ஒரு தனித் தகட்டில் இரண்டு ஏசி128, டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்று பழைய பாணியில் கட்டியிருக்கிறார். கிடைத்தது அதுதான் போலிருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால், எனக்கென்னவோ அவர் செட்டில்தான் நாதஸ்வரம் நன்றாக இருக்கிறது. இது என் காதின் அபிப்பிராயம். அலைக்காட்டியை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

கிட் என்றால் அமெரிக்காக்காரன் ஹீத்கிட்தான் என்று நம்மில் சிலர் சத்தியம் செய்வீர்கள். எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆகாய விமானக் கிட் விற்று ஆரம்பித்து, பின்னால் மிஷிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பரில் இருந்த கம்பெனி. யுத்தம் முடிந்து மலிந்துகிடந்த ராணுவ உபரிப் பாகங்களை வைத்து 1947-இல் அலைக்காட்டிக் கிட் போட்டது. அங்கிருந்து ரேடியோ, ஹாம் டிரான்ஸ்மிட்டர், கலர் டிவி என்று வளர்ந்து, 1992-இல் கிட் வியாபாரத்தை மூடியது. அதன் பெருமை பாகங்களில் இல்லை, கையேட்டில். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு காலி அடைப்புக்குறி. கம்பியை இந்த முனையில் மாட்டு, இப்போது ஈயம் வைக்காதே. அடுத்த கம்பி வந்ததும் இரண்டையும் சேர்த்து ஈயம் வை. முடித்ததும் அடைப்புக்குறிக்குள் டிக் அடி. பெரிய பெரிய மடிப்புப் படங்கள், சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொள்ள. ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளையும் கையைப் பிடித்துக் கடைசிப் பக்கம் வரை அழைத்துப்போய்விடும்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது. ஆசிட் ஈயமோ ஃப்ளக்ஸ் பேஸ்ட்டோ போட்டுக் கட்டிய கிட் ரிப்பேருக்கு வந்தால் தொடமாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் ஊர் செட்டுகளில் பாதி, டப்பா பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவிக் கட்டியவைதான். முப்பது நாற்பது வருடம் கழித்துத் திறந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அது விஷயத்தில் அவர்கள் பிடிவாதம் சரி, நாம் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் கொடுத்த ஹீத்கிட் ஜிஆர்-64 என்னிடம் இருக்கிறது. நான்கு பேண்ட், 550 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை, வால்வு செட், முக்கியமாகச் சிற்றலைக்குக் கட்டியது. கையேட்டோடு வந்தது. டிக்குகளைப் பாருங்கள்: முதல் இருபது பக்கம் அழுத்தமான, நிதானமான டிக். அப்புறம் திடீரென்று சாய்வான, வேகமான வேறு டிக், பேனாகூட வேறு. நடுவில் கை மாறியிருக்கிறது. அப்பா ஆரம்பித்துப் பையன் முடித்தானா, பையன் கைவிட்டதை அப்பா முடித்தாரா என்று நானும் ஈயப்புள்ளிகளை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கையேடு இல்லாத ஜிஆர்-64 எனக்குப் பாதி விலைதான்.

மற்ற வெளிநாட்டுக் கிட்டுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சிகாகோ அலைடு ரேடியோவின் நைட்-கிட் ஓஷன் ஹாப்பர், பேண்டுக்குப் பேண்ட் காயிலைப் பிடுங்கி வேறு காயில் செருகும் ரீஜெனரேடிவ் செட். குமிழை ஒரு மயிரிழை கூடத் திருப்பினால் ஊளையிடும், பக்கத்து வீட்டு ரேடியோவிலும் சேர்ந்து ஊளையிடும். இங்கிலாந்தில் 1967-இல் சின்க்ளேர் போட்ட மைக்ரோமேட்டிக் தீப்பெட்டி அளவு. யுத்தத்துக்குப் பிந்தைய ஜப்பானில், கடையில் வாங்கும் ரேடியோவுக்கு வரி அதிகம் என்பதால் ஜனங்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அகிஹபாராவின் உதிரிபாகச் சந்து வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் ஊர்க் கிட்டுக்கு அந்த மாதிரிக் கையேடு கிடையாது. ஒரு தாளில் சர்க்யூட், பின்னால் பாகங்களின் பட்டியல், அவ்வளவுதான். பல கடைகளில் அதுவும் இல்லை. ஐஎஃப்டி வரிசையை வாயால் சொல்லி அனுப்புவார்கள். சிவப்பு ஆசிலேட்டர், மஞ்சள் முதல், வெள்ளை இரண்டாவது, கறுப்பு கடைசி. ரோட்டில் நடந்துகொண்டே சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன்.

அலைன்மென்டுக்கு சிக்னல் ஜெனரேட்டரா இருந்தது? வானொலி நிலையங்கள்தான் ஜெனரேட்டர். சூப்பர்ஹெட் செட்டின் ஆசிலேட்டர், நிலையத்தைவிட எப்போதும் 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓட வேண்டும். சென்னை 720 வேண்டுமென்றால் அது 1175-இல் ஓட வேண்டும். திருச்சி 936-க்கு 1391. கேங்கைத் திருப்பத் திருப்ப இந்த வித்தியாசம் கெடாமல் கூடவே வர வேண்டும். அதனால் கீழ்க்கோடிக்குச் சென்னையைப் பிடித்து ஆசிலேட்டர் காயிலின் கோரைத் திருகுவது, மேல்கோடிக்கு மதுரை 1269-ஐப் பிடித்து ட்ரிம்மரைத் திருகுவது, மறுபடி கீழே, மறுபடி மேலே. இரும்பு ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில் வந்தாலே காயில் குழம்பும் என்பதால் மூங்கில் சிம்பைச் சீவிக்கொள்வார்கள். பழைய டூத்பிரஷ் காம்பைத் தேய்த்துக் கூராக்கியதும் உண்டு. ஃபெரைட் ராடில் காயிலை நகர்த்தி, நன்றாகக் கேட்கும் இடத்தில் மெழுகுவர்த்தியைச் சாய்த்து இரண்டு சொட்டு. அந்த மெழுகைச் சுரண்டாதீர்கள். ஒரு ராத்திரி பூராவும் சென்னைக்கும் மதுரைக்கும் நடந்த நடை அதில் உறைந்திருக்கிறது.

ஓடாத ரேடியோ பிணம், அதை அலமாரியில் வைத்து என்ன செய்ய என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். இன்னொருவர் அதைவிடக் கெட்டியாகக் கேட்டார்: கட்டின ஆள் உயிரோடு இருந்தால் அவரே பழசைப் பிடுங்கிப் போட்டுப் புதுசு வைத்திருப்பாரே, உனக்கு மட்டும் என்ன அழுகை?

உண்மைதான். வைத்திருப்பார். என் அலமாரியில் ஒரு செட்டில் முன்பகுதி ஜெர்மேனியம், நடுவில் பிஎஃப்195 சிலிக்கான், ஸ்பீக்கர் பக்கம் டிபிஏ810 ஐசி. பத்துப் பதினைந்து வருடத்துக்கு வீட்டில் ரேடியோ நிற்கக்கூடாது என்று ஒருவர் போராடிய வரலாறு அடுக்கடுக்காக இருக்கிறது. அவருக்குச் செய்தி கேட்க வேண்டியிருந்தது, பாட்டு கேட்க வேண்டியிருந்தது, மாற்றினார். நமக்கு அந்தச் செட் இல்லாவிட்டால் கைப்பேசி இருக்கிறது. தேவைக்காக மாற்றுகிறவர் அந்த ரேடியோவின் கதைக்கு இன்னொரு பக்கம் எழுதுகிறார். நாம் அழகுக்காக மாற்றும்போது பக்கத்தைக் கிழிக்கிறோம்.

அதற்காக எதையும் தொடாதே என்று நான் சொல்லவில்லை. உயிர் பயம் உள்ள இடத்தில் தயவுதாட்சண்யம் வேண்டாம். ரப்பர் உதிர்ந்த மெயின்ஸ் வயரை முதல் வேலையாக மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி வால்வு செட்டில் சேஸிஸே கரண்டில் இருக்கலாம், தொடுமுன் பாருங்கள். பரணிலிருந்து இறக்கிய செட்டை நேரே பிளக்கில் செருகாமல் சீரிஸ் பல்ப் போர்டில் போடுங்கள். பல்ப் முழு வெளிச்சமாக எரிந்தால் உள்ளே ஷார்ட், கையை எடுத்துவிடுங்கள். கண்டென்ஸர் செத்திருந்தால், பழைய கூட்டைக் குடைந்து அதற்குள் புதியதை வைத்து மூடலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சில சமயம் வெட்டுவதே வைத்தியம். ஏஎஃப்115, ஏஎஃப்117 போட்ட செட் ஊமையாக இருந்தால் டிரான்சிஸ்டரைப் பிடுங்கி எறியாதீர்கள். அந்த உலோகக் கூட்டுக்குள் வெள்ளீயம் முடி மாதிரி வளர்ந்து உள்ளே இருப்பதைக் கூட்டோடு ஷார்ட் செய்துவிடும். நான்கு கால்களில் கூட்டுக்குப் போகும் கால் ஒன்று இருக்கிறதல்லவா, அதை மட்டும் வெட்டிவிட்டால் பல நேரம் மறுபடி பேசும். போன தீபாவளிக்கு முதல்நாள் ஒரு செட்டை இப்படி எழுப்பினேன். நாற்பது வருட மௌனம் ஒரு கத்தரியில் போயிற்று.

எதை மாற்றினாலும் பழைய பாகத்தை ஒரு சின்னக் கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். திறந்ததும் எதையும் தொடுமுன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெட்டியின் உள்பக்கப் பலகையை டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலில் தேதி, ஊர், சில நேரம் வீட்டுக்காரருக்கு உத்தரவுகூட இருக்கும். ஒன்றில் ‘மாமா, வால்யூமை முழுசாகத் திருப்ப வேண்டாம்’ என்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது. மாமா கேட்கவில்லை போலிருக்கிறது.

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்த காலத்துப் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தியது. என்னிடம் இருக்கும் ஒன்றில், தயாரிப்பாளர் பெயருக்கு நேரே போஸ்ட்மாஸ்டர் கையெழுத்தில் ‘லோக்கல்’ என்று இருக்கிறது. அரசாங்கமே அந்தக் கம்பெனியை ஒத்துக்கொண்டிருக்கிறது. நாம் ஏன் மேஜைக்கு அடியில் தள்ள வேண்டும்?

அடுத்த பிப்ரவரிக்கு ஒரே ஒரு மேஜை கேட்கிறேன். அதில் லோக்கல் செட்டுகளை மட்டும், முதுகுப்பலகையைக் கழற்றி, முதுகு ஜனங்களைப் பார்க்க வைப்போம். ஒரே சர்க்யூட்டில் கட்டியவை ஜோடி ஜோடியாக. பக்கத்தில் ஒரு லென்ஸ். மாடல் எண், விலை எழுதும் அட்டை வேண்டாம். எங்கே கிடைத்தது, யார் கேட்டது, என்ன மாற்றப்பட்டிருக்கிறது, யார் மாற்றியது என்று எழுதினால் போதும். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பார்க்க வருகிறவர்களில் எவராவது நிரப்பக்கூடும்.

இன்னொரு உதவி. அமெரிக்காக்காரனுக்குக் கையேடு மாதிரி நம் ஆட்களுக்கு இருந்தது பள்ளிக்கூட நோட்டு. நண்பனிடம் இரவல் வாங்கின சர்க்யூட்டைக் கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்து வரைந்து, ஓரத்தில் பாகங்களின் விலையைக் கூட்டிப் போட்டு, பிடித்த நிலையங்களைக் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தவை. வீட்டைக் காலி செய்கிறவர்கள் ரேடியோவை நம்மிடம் விற்றுவிட்டு நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறார்கள். அதனால் செட் வாங்கும்போது விலை பேசி முடிக்கிறவரை பொறுத்திருந்து, பணத்தைக் கொடுக்குமுன் கேளுங்கள்: “அவர் எழுதி வெச்ச நோட்டு ஏதாவது இருக்குமா?” எனக்கு இதுவரை ஆறு கிடைத்திருக்கின்றன. ஏழாவது உங்கள் ஊரில் எந்தப் பரணில் இருக்கிறதோ. கிடைத்தால் எனக்கே கொடுக்க வேண்டும் என்றில்லை. அதே செட்டின் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்

பி.கு.: மஞ்சள் ஐஎஃப்டி மூன்று என்னிடம் உபரியாக இருக்கிறது. யாரிடமாவது கோர் உடையாத கறுப்பு ஒன்று இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். முள்ளம்பன்றிக்கு வேண்டும்.